அஞ்சலைத் திருப்பிவிடும் உரிமை

(கல்லூரிக் கணினி மையப் பொறுப்பாளர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஒரு நிறுவனத்தின் மெயில் சர்வரை நடத்துகிறவரைத் தேடி முதல் வாரத்திலேயே ஒரு கோரிக்கை வந்துவிடும். "சார், காலேஜ் ஐடிக்கு வர்ற மெயிலெல்லாம் என் ஜிமெயிலுக்குப் போற மாதிரி பண்ணிக் கொடுங்க." கேட்பவர் பேராசிரியராக இருக்கலாம், அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கலாம், படிப்பை முடித்துக்கொண்டு போகும் மாணவராக இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் செய்து கொடுத்துவிடக்கூடிய வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தில் நாம் யாருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனக்கு வரும் கடிதம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை பயனருக்கு உரியது. அதை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் நிர்வாகியின் மேசைக்கு முன்னால் வந்து அவர் நிற்கக் கூடாது. அதே சமயம், திருப்பிவிடப்படும் ஒவ்வொரு கடிதமும் நம் சர்வரின் பெயரில்தான் வெளியே போகிறது. அந்தப் பெயரைக் காப்பது நம் பொறுப்பு. இந்த உரிமையும் இந்தப் பொறுப்பும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளாதபடி சர்வரை அமைக்க முடியும்.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது? கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். எழுபதுகளின் கடைசியில் அங்கே இங்கிரஸ் என்ற தரவுத்தள ஆய்வுத் திட்டத்தின் கணினிக்கு, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பின் இணைப்பு இருந்தது. வளாகத்தில் மற்றவர்களுக்கும் அர்ப்பாநெட் அஞ்சல் வேண்டும். அஞ்சல் பார்ப்பதற்காக மட்டும் எல்லோரும் இங்கிரஸ் கணினியில் கணக்குக் கேட்டார்கள். அத்தனை பேருக்கும் இடம் கொடுத்தால் அந்தச் சிறிய கணினி தாங்காது. அங்கே பணியாற்றிய எரிக் ஆல்மன், ஆட்களை அஞ்சலிடம் வரவழைப்பதை விட அஞ்சலை ஆட்களிடம் அனுப்பிவிடலாம் என்று 1979இல் டெலிவர்மெயில் என்ற நிரலை எழுதினார். அது வளர்ந்து சென்ட்மெயில் ஆயிற்று; 1983இல் பெர்க்லி யூனிக்ஸுடன் வெளிவந்து, பிறகு பல ஆண்டுகள் இணைய அஞ்சலின் பெரும்பகுதியைச் சுமந்தது. ஆக, திருப்பிவிடுதல் என்பது மெயில் சர்வரில் பின்னால் ஒட்டவைத்த வசதி இல்லை. சென்ட்மெயில் பிறந்ததே அதற்காகத்தான்.

சென்ட்மெயில் இரண்டு இடங்களைத் தந்தது. ஒன்று, கணினி முழுவதற்குமான அலியாசஸ் கோப்பு. ரூட் உரிமை உள்ளவர் மட்டுமே அதைத் திருத்த முடியும்; திருத்தியபின் நியூஅலியாசஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும். போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் போன்ற பதவிப் பெயர்களுக்கு வரும் அஞ்சல் எந்த மனிதருக்குப் போக வேண்டும் என்பதை இங்கே எழுதுவார்கள். இன்றும் அதற்குச் சரியான இடம் இதுதான். இரண்டாவது, ஒவ்வொரு பயனரின் ஹோம் அடைவிலும் அவரே வைத்துக்கொள்ளக்கூடிய டாட் ஃபார்வர்டு கோப்பு. அதில் ஒரு வரி, அந்த வரியில் ஒரு முகவரி. அவ்வளவுதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், எந்தச் சேவையையும் நிறுத்தித் தொடங்க வேண்டாம். அடுத்த கடிதம் புதிய இடத்துக்குப் போகும். கோப்பை அழித்தால் பழையபடி இங்கேயே சேரும். மின்னஞ்சல் வரலாற்றில் பயனரை இவ்வளவு நம்பிய ஏற்பாடு வேறு குறைவு என்பது என் எண்ணம்.

அந்த ஒரு வரியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வெளி முகவரிக்கும் போக வேண்டும், இங்கேயும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? தன் பெயரையே எழுதினால், சர்வர் அந்தப் பெயரை எடுத்து மறுபடி அதே கோப்பைத் திறக்கும், மறுபடி அதே பெயர் கிடைக்கும். ஆகவே பெயருக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுவார்கள். 'இந்தப் பெயரை இனி விரிக்காதே, பெட்டியில் போட்டுவிடு' என்பது அதன் பொருள். பின்சாய்கோடிட்ட தன் பெயர், ஒரு காற்புள்ளி, பிறகு வெளி முகவரி. இந்த வடிவத்தைப் பின்னால் வந்த மெயில் சர்வர் நிரலான போஸ்ட்ஃபிக்ஸும் ஏற்றுக்கொள்கிறது.

முகவரிக்குப் பதிலாகக் குழாய்க் குறியிட்டு ஒரு நிரலின் பெயரையும் எழுதலாம். விடுப்பில் இருக்கிறேன் என்று பதில் அனுப்பும் வெகேஷன் நிரல் அப்படித்தான் இயங்கியது. இங்கேதான் ஆபத்தும் நுழைகிறது. அந்தக் கோப்பில் எழுத முடிந்தவர் எவரோ, அவர் உங்கள் பெயரில் அந்தக் கணினியில் எதையும் இயக்க முடியும். அதனால்தான் கோப்பு வேறு எவராலும் எழுதக்கூடியதாக இருந்தால் சென்ட்மெயில் அதை நம்ப மறுக்கிறது. அது இருக்கும் அடைவையும் சோதிக்கிறது. "எழுதி வைத்தேன், வேலை செய்யவில்லை" என்று மாணவர்கள் சொன்னால் முதலில் கோப்பின் அனுமதிகளைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் மாணவர் இணையத்தில் ஒரு புழுவை விட்டார். அது சென்ட்மெயிலின் டிபக் வசதியில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்ததைப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அதே புழு தான் புகுந்த கணினிகளில் பயனர்களின் டாட் ஃபார்வர்டு கோப்புகளையும் படித்தது. ஏன்? ஒருவர் தன் அஞ்சலை எந்தக் கணினிக்குத் திருப்பியிருக்கிறாரோ, அங்கே அவருக்குக் கணக்கு இருக்கும். அடுத்து எங்கே தாக்கலாம் என்பதற்கு அது வழிகாட்டி. திருப்பிவிடும் முகவரி சாதாரணத் தகவல் என்று நினைக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். இன்றைய கல்லூரிச் சர்வர்களில் பெரும்பாலான பயனர்களுக்கு ஹோம் அடைவு என்பதே கிடையாது. அவர்கள் ஒரு தரவுத்தளத்தில் ஒரு வரி; லாகின் செய்ய யூனிக்ஸ் கணக்கு இல்லை. போஸ்ட்ஃபிக்ஸில் டாட் ஃபார்வர்டைப் படிப்பது லோக்கல் என்ற பகுதி மட்டுமே. மெய்நிகர்ப் பயனர்களின் அஞ்சல் அந்த வழியாகப் போவதில்லை. ஆகவே நிர்வாகிகள் வர்ச்சுவல் அலியாஸ் அட்டவணையை நாடுகிறார்கள். இடப்பக்கம் கல்லூரி முகவரி, வலப்பக்கம் போக வேண்டிய முகவரி. பிரதியும் வேண்டுமென்றால் வலப்பக்கத்தில் கல்லூரி முகவரியையும் சேர்த்து எழுதிவிடலாம், போஸ்ட்ஃபிக்ஸ் சுழலில் சிக்காது. ஹாஷ் வகைக் கோப்பாக வைத்திருந்தால், எழுதி முடித்ததும் போஸ்ட்மேப் கட்டளை. வேலை முடிந்தது.

இது நன்றாக இயங்கும். ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெர்க்லி பயனர் கையில் கொடுத்த சாவியை இந்த அட்டவணை திரும்ப வாங்கி நிர்வாகியின் சட்டைப் பையில் போட்டுவிடுகிறது. பேராசிரியர் தன் முகவரியை மாற்ற வேண்டும் என்றால் மறுபடி நம்மிடம் வர வேண்டும். நாம் விடுப்பில் இருந்தால் அவர் காத்திருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அட்டவணையில் நூற்றுக்கணக்கான வரிகள் சேர்ந்திருக்கும். எந்த வரியை யார், ஏன் கேட்டார் என்று சொல்ல ஆள் இருக்காது.

இதற்கு நல்ல விடை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஸீவ். அஞ்சலை வடிகட்டுவதற்கென்றே வடிவமைத்த மொழி அது, ஆர்.எஃப்.சி எனப்படும் இணைய ஆவண வரிசையில் 2001இல் 3028 ஆகவும், திருத்தப்பட்டு 2008இல் ஆர்.எஃப்.சி 5228 ஆகவும் வெளிவந்தது. அதன் அழகே அதற்கு முடியாதவற்றில்தான் இருக்கிறது. அடிப்படை மொழியில் சுழல் கட்டளை கிடையாது, வெளி நிரல் எதையும் இயக்க முடியாது. குழாய்க் குறி கொண்டுவந்த ஆபத்தை வேரோடு நீக்கிவிட்டு, திருப்பிவிடும் உரிமையை மட்டும் பயனருக்குத் திரும்பக் கொடுத்தார்கள். ரீடைரக்ட் என்ற சொல், பக்கத்தில் முகவரி; கடிதம் அங்கே போகும். பிரதி இங்கேயும் வேண்டுமென்றால் காப்பி என்ற நீட்டிப்பை அறிவித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; அது 2004இல் ஆர்.எஃப்.சி 3894 ஆக வந்தது. பயனர்களின் அஞ்சல் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட் சர்வரில் பிஜியன்ஹோல் என்ற துணைப்பகுதி இதை இயக்குகிறது. பயனர் தன் விதிகளைத் தானே ஏற்றவும் மாற்றவும் மேனேஜ்ஸீவ் என்ற நெறிமுறை, 4190ஆம் போர்ட்டில். ரவுண்ட்கியூப் போன்ற வெப்மெயிலில் இதற்கான பிளகினை இயக்கிவிட்டால், பேராசிரியர் தன் திரையிலேயே முகவரியை எழுதிச் சேமித்துவிடலாம். ஸீவின் இலக்கணம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

விதி எழுதுவது இப்படிச் சுலபமாகிவிட்டது. கஷ்டம் முழுவதும் கடிதம் நம் வாசலைத் தாண்டியபின் தொடங்குகிறது.

வீடு மாறியவருக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் என்ன செய்வார்? பழைய முகவரியை அடித்துவிட்டு, புதிய முகவரியை எழுதி மறுபடி பையில் போடுவார். அனுப்பியவர் பெயர் உறையில் அப்படியே இருக்கும். புதிய ஊர்த் தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, "எழுதியவர் மதுரை, நீர் ஏன் சேலத்திலிருந்து கொண்டுவருகிறீர்?" என்று யாரும் கேட்பதில்லை. மின்னஞ்சலும் முதலில் இப்படித்தான் இருந்தது. ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய ஆர்.எஃப்.சி 821 திருப்பிவிடுதலைச் சாதாரணக் காரியமாகவே பேசுகிறது. 251 என்ற பதில் எண் வந்தால் 'அவர் இங்கே இல்லை, நானே அனுப்பிவிடுகிறேன்' என்று பொருள். 551 வந்தால் 'அவர் இங்கே இல்லை, இந்த முகவரிக்கு நீங்களே அனுப்புங்கள்'. புதிய முகவரியை எவர் கேட்டாலும் சொல்லிவிடும் அந்த வெள்ளை மனது இன்றைய இணையத்துக்கு ஒத்துவராது. 551ஐ அப்படிப் பயன்படுத்துகிறவர்களைக் காண்பது அரிது.

மின்னஞ்சலிலும் உறை வேறு, உள்ளே இருக்கும் கடிதம் வேறு. உறையில் ஓர் அனுப்புநர் முகவரி உண்டு. கடிதம் சேரவில்லை என்றால் தகவல் அங்கே திரும்பிப் போகும். நாம் திரையில் பார்க்கும் ஃப்ரம் வரி கடிதத்துக்குள் இருப்பது. அலியாஸ் வழியாகத் திருப்பும்போது உறையின் அனுப்புநரை மாற்றாமல் விடுவதே மரபு. ஆர்.எஃப்.சி 5321ம் அப்படித்தான் சொல்கிறது.

பிறகு எஸ்.பி.எஃப் வந்தது, 2006இல் சோதனைத் தரமாக, 2014இல் ஆர்.எஃப்.சி 7208 ஆக. ஒரு வங்கி தன் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற சர்வர்கள் இவை என்று டி.என்.எஸ்ஸில் பட்டியல் இடுகிறது. பேராசிரியருக்கு அந்த வங்கி அனுப்பிய கடிதத்தை நாம் ஜிமெயிலுக்குத் திருப்புகிறோம். உறையில் வங்கியின் பெயர். கொண்டுபோய்க் கொடுப்பது நம் சர்வர். வங்கியின் பட்டியலில் நாம் இல்லை. சோதனை தோற்கிறது. நாம் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் போலிக் கடிதம் கொண்டுவந்தவரைப் போல் வாசலில் நிற்கிறோம்.

இங்கே கைகொடுப்பது டி.கே.ஐ.எம் கையெழுத்து. அது கடிதத்தோடு ஒட்டியது; எந்த வழியாகப் போனாலும், கையெழுத்திட்ட பகுதிகளை யாரும் தொடாத வரை செல்லும். அதனால் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: திருப்பிவிடப்படும் கடிதத்தின் மேல் கை வைக்காதீர்கள். பொருள் வரியில் 'வெளியிலிருந்து வந்தது' என்று முத்திரை சேர்ப்பதும், அடியில் நிறுவனத்தின் பொறுப்புத் துறப்பை ஒட்டுவதும் அந்தக் கையெழுத்தைக் கெடுத்துவிடுகின்றன. 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு டிமார்க் கொள்கையை 'நிராகரி' என்று மாற்றியது; எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம் இரண்டில் ஒன்றாவது ஃப்ரம் வரியின் பெயரோடு பொருந்தித் தேறாவிட்டால் கடிதத்தைத் தள்ளிவிடுங்கள் என்று உலகத்துக்குச் சொல்லியது. ஏஓஎல்லும் அதே மாதம் பின்தொடர்ந்தது. அன்றிலிருந்து, திருப்பிவிடப்பட்ட கடிதத்தின் உயிர் பெரும்பாலும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

உறையின் பிரச்சினைக்கு எஸ்.ஆர்.எஸ் என்ற முறை உண்டு. உறையின் அனுப்புநரை நம் டொமைனைச் சேர்ந்த முகவரியாக மாற்றி எழுதுவது. பழைய முகவரியை அதற்குள்ளேயே மடித்து வைத்து, கூடவே ஒரு ஹாஷும் ஒரு காலக் குறியும் சேர்ப்பார்கள். கடிதம் சேராவிட்டால் தகவல் நம்மிடம் திரும்பும். ஹாஷைச் சரிபார்த்து, உண்மையான அனுப்புநருக்கு அனுப்பிவிடுவோம். காலம் கடந்துவிட்டால் ஏற்கமாட்டோம். இல்லாவிட்டால் எவரும் நம் சர்வரை இடைவழியாக ஆக்கிக்கொள்வார்கள். போஸ்ட்ஃபிக்ஸோடு இணைத்துக்கொள்ள போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற சிறிய நிரல் கிடைக்கிறது. இதனால் எஸ்.பி.எஃப் நம் பெயரில் தேறும். ஃப்ரம் வரியோடு பொருந்தாததால் டிமார்க்குக்கு உதவாது. இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். நமக்குக் கடிதம் வந்தபோது சோதனைகள் தேறின என்று நாமே சாட்சி எழுதிக் கையெழுத்திடும் ஆர்க் என்ற முறையும் 2019இல் ஆர்.எஃப்.சி 8617 ஆக, சோதனை நிலையில் வந்திருக்கிறது. வழக்கமாக அஞ்சலைத் திருப்பிவிடுகிறவர்கள் ஆர்க் தலைப்புகளைச் சேர்க்க வேண்டும் என்று கூகுள் தன் அனுப்புநர் விதிகளில் கேட்கிறது.

ஸ்பேம் விஷயம் இதைவிட எளியது, இதைவிடக் கடுமையானது. நம் பெட்டிக்கு வரும் குப்பையை வடிகட்டாமல் திருப்பினால், ஜிமெயிலின் கண்ணுக்குக் குப்பை அனுப்புகிறவர்கள் நாம்தான். பேராசிரியரே அங்கே 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார். அது நம் கணக்கில் பதிவாகும். ஒரு சிலருடைய விதியால் நம் சர்வரின் ஐபி முகவரிக்குக் கெட்ட பெயர் வந்தால், விதி எதுவும் வைக்காத மாணவர் வேலைக்கு அனுப்பும் விண்ணப்பம்கூட ஸ்பேம் பெட்டியில் விழும். ஆகவே வடிகட்டல் முதலில், திருப்பிவிடுதல் பிறகு. ஏற்க முடியாததை இணைப்பு திறந்திருக்கும்போதே மறுத்துவிடுங்கள். வாங்கிக்கொண்டு பிறகு ஜிமெயில் மறுத்தது என்று திருப்பி அனுப்பினால், அது அனுப்பாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய்க் குவியும். ஸ்பேமில் உறை முகவரி பெரும்பாலும் போலி.

சுழல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிரல்களே இதை நன்றாகக் கவனித்துக்கொள்கின்றன. இருவர் ஒருவருக்கொருவர் திருப்பி வைத்தாலும், போஸ்ட்ஃபிக்ஸ் இடும் டெலிவர்டு-டூ தலைப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தப்பினாலும் 50 ரிசீவ்டு தலைப்புகளைத் தாண்டினால் கடிதம் நின்றுவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்காக. கடவுச்சொல்லைத் திருடியவர் பெட்டிக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, சத்தமில்லாமல் ஒரு ஃபார்வர்டு விதி வைப்பது. பிறகு உரியவர் விழித்துக்கொண்டு கடவுச்சொல்லை மாற்றுவார். விதி அப்படியே இருக்கும்; அவருடைய ஒவ்வொரு கடிதமும் திருடனுக்கும் போய்க்கொண்டே இருக்கும். தாக்குதல் முறைகளைத் தொகுக்கும் மைட்டர் அட்டாக் பட்டியலில் இதற்குத் தனி எண்ணே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365 வெளி முகவரிகளுக்குத் தானாகத் திருப்புவதை இயல்பாகவே அடைத்து வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

அப்படியானால் நாமும் அடைத்துவிடலாமா? வேண்டாம் என்கிறேன். அடைத்தால் மக்கள் கடவுச்சொல்லை வேறு சேவைகளில் கொடுத்து அஞ்சலை எடுத்துக்கொள்வார்கள். அது இன்னும் மோசம். உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்போம். ஜிமெயில் செய்வது போல், போக வேண்டிய முகவரிக்கு முதலில் ஓர் உறுதிப்படுத்தும் குறியீட்டை அனுப்பி, அது வந்த பின்னரே விதியை இயக்குவது. விதி மாறினால் கல்லூரிப் பெட்டிக்கே ஓர் அறிவிப்பு. கடவுச்சொல்லை மீட்டமைக்கும் எவரும் ஸீவ் விதிகளையும் திறந்து பார்த்தாக வேண்டும் என்று ஒரு நடைமுறை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதி எப்போதும் இங்கே இருக்க வேண்டும். வெளி முகவரி மறுத்தாலும் கடிதம் தொலையாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் அனுப்பியது வந்ததா இல்லையா என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபார்வர்டு கேட்டு வருபவரிடம் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். பலருக்கு வேண்டியது, எல்லா அஞ்சலையும் ஒரே கைப்பேசித் திரையில் பார்ப்பதுதான். அதற்குத் திருப்பிவிடுதல் தேவையே இல்லை. கைப்பேசிச் செயலியில் கல்லூரிக் கணக்கை ஐமேப் வழியாகச் சேர்த்துக் கொடுத்தால் போதும். கடிதம் நம் சர்வரை விட்டு நகராது, எஸ்.பி.எஃப் தோற்காது, பதில் எழுதும்போது கல்லூரி முகவரியிலிருந்தே போகும். இதைப் பொறுமையாக உட்கார்ந்து செய்துகொடுப்பதை நான் தொழில்நுட்பத் திறமைக்குச் சமமாக மதிக்கிறேன். அதன்பிறகும் திருப்பிவிடத்தான் வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். வேறு ஊருக்கு மாற்றலானவர், ஓய்வு பெற்றவர், படித்து முடித்தவர். அவர்களுக்கு உரியது அது. மனமுவந்து செய்துகொடுங்கள், ஆனால் ஒரு முடிவுத் தேதியோடு.

ஏனென்றால் முகவரிகளும் காலாவதியாகின்றன. கூகுள் இரண்டு ஆண்டு தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023இல் அறிவித்தது. சொந்த டொமைன் வைத்திருந்த ஒருவர் அதைப் புதுப்பிக்காமல் விட்டால், வேறு யாரும் அதை விலைகொடுத்து வாங்கலாம். அந்த நாளிலிருந்து நம் சர்வர், பழைய மாணவரின் அஞ்சலை முன்பின் தெரியாத ஒருவருக்கு நம்பிக்கையோடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கும். பதிவேடுகளில் பிழை எதுவும் தெரியாது.

ஆகவே இங்கே வந்திருக்கும் பொறுப்பாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் சர்வரில் உள்ள எல்லா ஃபார்வர்டு விதிகளையும் ஒரே பட்டியலாக எடுங்கள். அலியாஸ் அட்டவணை, ஸீவ் விதிகள், பழைய ஹோம் அடைவுகளில் மறந்துபோன டாட் ஃபார்வர்டு கோப்புகள், எல்லாம். ஒவ்வொருவருக்கும் எழுதி, "இந்த முகவரி இன்னும் உங்களுடையதுதானா?" என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராதவற்றை நிறுத்தி, அஞ்சல் கல்லூரிப் பெட்டியிலேயே சேரும்படி செய்யுங்கள். மாணவர்கள் இதற்குத் துணை நிற்க வேண்டும். ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதினால் பட்டியல் தயாராகிவிடும். அடுத்த ஆண்டும் இதே மாதத்தில் மறுபடி கேளுங்கள்.